சிறை அதிரடிப் படங்களை விமர்சிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக எழுத வருபவர்களின் திரை விமர்சனங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சிறை அதிரடிப் படம் என்றால், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. நடிகர் பெயரைத் தவறாக எழுதுவது, முடிவைப் போட்டு உடைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பட்ஜெட்டையே விமர்சனமாக்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஓர் இளைஞர், "ஒரே தாழ்வாரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், பணப் பற்றாக்குறை அப்பட்டமாகத் தெரிகிறது" என்று எழுதி அனுப்பியிருந்தார். அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். தாழ்வாரத்தின் கோடியில் உள்ள இரும்புக் கதவு உட்பக்கமாகத்தான் திறக்கும் என்பதை இயக்குநர் தொடக்கத்திலேயே சில முறை காட்டிவிடுகிறார். அதனால்தான், பின்னர் கலவரம் மூளும்போது நாயகன் ஏன் அந்தக் கதவை நோக்கி ஓடுகிறான் என்பதை வசனமில்லாமலே நாம் புரிந்துகொள்கிறோம். இளைஞரும் இதைப் பார்த்திருக்கிறார். ஆனால், படம் பார்க்கும் முன்பே அதன் செலவுத் தொகையைப் படித்துவிட்டதால், கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்கிவிட்டார்.

சிறைக் களம் சிக்கனத்துக்கு ஏற்றது என்பது உண்மை: சில அறைகள், ஒரே சீருடை, பூட்டிய கதவு. அந்தச் சிக்கனத்தை இயக்குநர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைத்தான் விமர்சகர் எழுத வேண்டும். எஸ். கிரெய்க் ஸாலர் இயக்கி, 2017-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவுக்கு வெளியே திரையிடப்பட்ட 'பிராவல் இன் செல் பிளாக் 99' ஏறத்தாழ 40 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட படம். அதன் சண்டைகளில் கேமரா சற்றுத் தள்ளி நின்று, நாயகனாக நடித்த வின்ஸ் வானின் முழு உடலும் தெரியும்படி, காட்சியை வெட்டாமல் நீண்ட நேரம் பார்க்கிறது. அப்படி எடுக்க வேண்டுமானால் நடிகர் முழுச் சண்டையையும் கற்றிருக்க வேண்டும். படத்தொகுப்பில் வரும் வேகமான வெட்டுகளோ பயிற்சியில்லாத உடலையும் மறைத்துவிடும். இதைக் கவனிக்காமல் "பணம் குறைவு, அதனால் சண்டையில் வேகமில்லை" என்று எழுதுபவர், ஒரு குழுவின் உழைப்பையே குறையாக மாற்றிவிடுகிறார். இத்தகைய படங்களுக்கு வருவதே சில விமர்சனங்கள்தான்; அவற்றில் ஒரு தவறான வரி இருந்தால், அடுத்தடுத்து எழுதுபவர்களும் அதையே எடுத்தாள்கிறார்கள். "இந்தச் செலவுக்கு இதுவே அதிகம்" என்ற பெருந்தன்மையும் இதே தவறின் மறுபக்கம்தான்.

நேரடி வீடியோ வெளியீடு என்றதும் ஒதுக்குவது

வால்டர் ஹில் இயக்கிய சிறைக் குத்துச்சண்டைப் படமான 'அன்டிஸ்பியூட்டட்' 2002-இல் திரையரங்குக்கு வந்தது. ஐசக் ஃப்ளோரன்டைன் இயக்கிய 2006-ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம் திரையரங்குக்கு வராமல் நேரடியாக வீடியோவில் வெளியானது. அதில் ஸ்காட் அட்கின்ஸ் நடித்த போய்கா என்ற எதிர்நாயகன் ரசிகர்களிடையே பெற்ற வரவேற்பால், அடுத்த இரு பாகங்களுக்கும் அவனே நாயகனானான்.

"தேவையற்ற வன்முறை"

எந்த அடி, ஏன் தேவையற்றது என்று சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொற்றொடரை அடித்துவிடுங்கள்.

சதவீதத்தை மதிப்பெண்ணாக வாசிப்பது

விமர்சனங்களைத் தொகுக்கும் இணையதளமான ராட்டன் டொமேட்டோஸ் காட்டும் சதவீதம் சாதகமான விமர்சனங்களின் பங்கு மட்டுமே. மொத்தம் பத்துப் பேரே எழுதிய படத்தில் ஒருவர் மனம் மாறினால் பத்து சதவீதம் மாறிவிடும்.

முதல் வரவேற்பையே தீர்ப்பாகக் கொள்வது

ஜான் கார்பென்டரின் 'அசால்ட் ஆன் பிரீசிங்ட் 13' முழுமையான சிறைப் படமல்ல; மூடப்படவிருக்கும் காவல் நிலையத்தில் கைதிகளும் காவலரும் சேர்ந்து முற்றுகையை எதிர்கொள்ளும் கதை. மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு 1976-இல் வெளியான அதை அமெரிக்காவில் அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. மறு ஆண்டு லண்டன் திரைப்பட விழாவில் கிடைத்த பாராட்டுக்குப் பிறகுதான் அதன் மதிப்பு மாறத் தொடங்கியது. பழைய படத்தைப் பற்றி எழுதும்போது, வெளியான வாரத்தின் விமர்சனங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்னர் பிற நாடுகளில் எழுதப்பட்டவற்றையும் தேடிப் படியுங்கள்.