சிவப்புப் பேனாவை எடுக்கும் முன்: ஆசிரியர்களுக்கு எழுத்துப் பயிற்சி நடத்துவது எப்படி

18 ஆண்டுகள் தமிழாசிரியராக வகுப்பில் நின்றேன். அதன்பின் 11 ஆண்டுகள் திருவாரூர் மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்றுநராக, சக ஆசிரியர்களுக்கு முன்னால் நின்றேன். இரண்டு வேலையிலும் என்னை விடாமல் துரத்திய கேள்வி ஒன்றுதான். வாய் ஓயாமல் கதை சொல்கிற பிள்ளை, எழுதச் சொன்னதும் ‘மனித வாழ்வில் இன்றியமையாதது’ என்று தொடங்கி நான்காம் வரியில் நின்றுவிடுகிறதே, ஏன்?

ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் வட்டார வள மையத்திலோ, அருகருகே உள்ள சில பள்ளிகளுக்கான குறுவள மையத்திலோ எழுத்துப் பயிற்சி நடத்தப்போகும் கருத்தாளர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கண்ட விடை இது: எழுதும் பழக்கம் இல்லாத ஆசிரியரால் எழுதக் கற்றுக்கொடுக்க முடியாது. ஆகவே பயிற்சிக் கூடத்தில் முதலில் பேனாவைத் திறக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். என் முதல் பயிற்சியில் காலை முழுவதும் வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள். பிற்பகல் கட்டுரையின் உறுப்புகள். எல்லாரும் அழகாகக் குறிப்பெடுத்தார்கள். பின்னூட்டப் படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பள்ளிக்குப் போய்க் கட்டுரை நோட்டுகளைப் புரட்டினேன். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்ட கட்டுரையை வகுப்பு முழுவதும் அப்படியே பார்த்து எழுதியிருந்தது. பலகையில் ‘சுற்றுப்புரத் தூய்மை’ என்று இடையின ‘ர’ விழுந்திருக்க வேண்டும். 40 நோட்டிலும் அதே ‘ர’ இருந்தது. 40 பிள்ளைகளில் ஒருவர்கூடத் தம் வீட்டு வாசலைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வரி எழுதவில்லை. என் பயிற்சி அந்த வகுப்பின் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பயிற்சிக்கு முந்தைய வாரம்

சுற்றறிக்கையிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஒவ்வொருவரும் தம் வகுப்பிலிருந்து மூன்று கட்டுரை நோட்டுகளைக் கொண்டுவர வேண்டும். நன்றாக எழுதும் பிள்ளையுடையது ஒன்று, நடுத்தரம் ஒன்று, இதைப் படிக்கவே முடியவில்லை என்று ஆசிரியர் கைவிட்டது ஒன்று. மூன்றாவது நோட்டுதான் முக்கியம். சிலர் வெட்கப்பட்டு அதைக் கொண்டுவர மாட்டார்கள். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். பொதுவில் படிக்கும் பக்கங்களை, பெயரையும் பள்ளியையும் மறைத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மணி நேரம்

கடவுள் வாழ்த்து முடிந்ததும் வெள்ளைத்தாளைக் கொடுங்கள். சொற்பொழிவு வேண்டாம், திரையில் படம் வேண்டாம். ‘நியமன ஆணையோடு முதன்முதலாகப் பள்ளிக்குப் போன நாள்’ என்று தலைப்பு கொடுத்து 20 நிமிடம் விடுங்கள். நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். இதில் விலக்கு வேண்டாம். கருத்தாளர் கைகட்டி நடந்துகொண்டிருந்தால் அது தேர்வறை ஆகிவிடும்.

கூடத்தில் ஓர் அமைதி விழும். சிலர் பேனாவை உதறுவார்கள். பணி நிறைவுக்கு இரண்டு ஆண்டே இருந்த ஓர் ஆசிரியர் என்னிடம் வந்து, “டீச்சர், வேலைக்கு வந்தபிறகு நான் சொந்தமாக எழுதியது விடுப்பு விண்ணப்பம் மட்டும்தான்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “நீங்கள் பஸ்ஸை விட்டு எங்கே இறங்கினீர்கள், சார்? அங்கிருந்து தொடங்குங்கள்” என்றேன். அவர் முதலில் எழுதியிருந்தது: ‘ஆசிரியப் பணி அறப்பணி. அப்பணியில் சேர்ந்த நாள் என் வாழ்வின் பொன்னாள்.’ அதை அடித்துவிட்டு அவர் எழுதியது: ‘பஸ் நிற்காத ஊர். நடத்துநர் மனம் வைத்துப் பாலத்தடியில் இறக்கிவிட்டார். வரப்பெல்லாம் சேறு. செருப்பைக் கையிலும் ஆணையைச் சட்டைக்குள்ளும் வைத்துக்கொண்டு நடந்தேன்.’ இந்த இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி வையுங்கள். பொதுவாக எழுதுவதற்கும் கண்டதை எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட நன்றாக எந்த விளக்கமும் சொல்லாது.

எழுதி முடித்ததும், “தாள்களைக் கொடுங்கள், திருத்தி மதிப்பெண் போட்டுப் பெயரோடு வாசிக்கப்போகிறேன்” என்று சொல்லுங்கள். 38 பேர் இருந்த கூடத்தில் பாதிப் பேரின் உள்ளங்கை தானாகத் தாளின்மேல் போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். உடனே, அப்படிச் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். பிறகு அந்தக் கையைப் பற்றிப் பேசுங்கள். நாம் நோட்டை வாங்க வரும்போது பிள்ளை வைக்கும் கை அது.

அடுத்து இருவர் இருவராகப் படித்துக் காட்டட்டும். கேட்பவர் சொல்ல வேண்டியது ஒன்றே: ‘எனக்கு மனத்தில் நின்றது இது.’ பிழை சொல்லக் கூடாது, பாராட்டும் வேண்டாம்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1974-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டிவைத்து, அவர்களையே எழுதவைத்து, ஆசிரியருக்கு ஆசிரியரே கற்றுக்கொடுக்கும் முறையைத் தொடங்கினார். அமெரிக்கா முழுவதும் அது பரவியது. நம் ஊருக்கும் அது பொருந்தும் என்பதற்குச் சேற்றைக் கண்டு கைக்கு ஏறிய அந்தச் செருப்பே எனக்குப் போதும்.

ஒரே நோட்டு, 38 சிவப்புப் பேனாக்கள்

முதல் நாளின் பிற்பகல் முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். பயிற்சியின் உயிர் இதில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் பத்தியை எல்லாருக்கும் நகலாகக் கொடுத்து, வழக்கம்போல் திருத்தச் சொல்லுங்கள். நான் பல ஆண்டுகள் பயன்படுத்தியது, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்து எங்கள் பக்கத்துத் தென்னைகளை முறித்துப்போட்ட பிறகு ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது:

‘காலையில் எளுந்து பார்த்தோம். கொள்ளையில் தென்னைமரம் எல்லாம் சாஞ்சி கிடந்தது. அப்பா ஒவ்வொரு மரமாக என்னிக்கொன்டே போனார். பதினொன்று வரைக்கும் என்னினார். அப்புரம் என்னவில்லை.’

ஐந்து நிமிடத்தில் தாள் சிவந்துவிடும். சிலர் கீழே ‘பிழையின்றி எழுதுக’ என்று குறிப்பும் எழுதுவார்கள். தாள்களைத் திருப்பிவைக்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: “அப்பா எத்தனை மரம் வரை எண்ணினார்?” என் கூடத்தில் பலருக்கு விடை தெரியவில்லை. ஏழு சொற்களில் பிழை கண்டவர்கள், ஒரு மனிதர் தம் தோப்புக்குள் நடந்து, எண்ணி, எண்ணுவதை விட்டுவிட்டதைக் காணவில்லை. யாரையும் குறை சொல்லாமல் இதைக் கேளுங்கள். பிழை தேடுவதற்கே நாம் பழக்கப்பட்டவர்கள். நம்முடைய ஆசிரியர்கள் நம் நோட்டையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

பிறகு திருத்தும் முறையைக் கற்றுக்கொடுங்கள். முதல் முறை படிக்கும்போது பேனா மூடியிருக்க வேண்டும். இரண்டாம் முறை படித்துவிட்டு நோட்டின் அடியில் மூன்று வரி எழுத வேண்டும். படித்தவருக்கு எது தைத்தது என்பது முதல் வரி. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு கேள்வி இரண்டாவது. சரிசெய்ய வேண்டிய ஒரே ஒரு பிழை வகை மூன்றாவது. ‘நன்று’, ‘முயற்சி தேவை’, ‘கையெழுத்தைத் திருத்துக’ ஆகிய மூன்றுக்கும் பயிற்சியில் தடை போடுங்கள். எந்தப் பிள்ளையின் எந்தக் கட்டுரைக்கும் எழுதலாம் என்றால், அந்தக் குறிப்பு இந்தப் பிள்ளைக்கு உதவாது.

பிழை வகையைத் தேர்வது எப்படி என்பதை அதே பத்தியிலேயே காட்டலாம். ஏழு சொற்களில் பிழை. அவற்றில் மூன்று ஒரே சொல்லில், ‘எண்ணு’ என்பதில் விழுந்தவை. அந்த மாணவன் நோட்டின் அட்டையில் ‘வரிசை எண்’ என்று சரியாகத்தான் எழுதியிருந்தான். எண்ணிலிருந்துதான் எண்ணுவது வருகிறது என்று காட்டினால் மூன்று பிழையும் ஒன்றாகத் தீரும். ‘கொன்டே’ என்பதற்கு ஒரு விதி போதும்: ட-வுக்கு முன் ண் வரும், ற-வுக்கு முன் ன் வரும், வண்டி, கன்று. ‘கொள்ளை’ எழுதியதற்குப் பொருளையே கேட்கலாம்: யார் கொள்ளையடித்தது? ஆனால் இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வாரம் எண்ணு; அடுத்த வாரம் கொல்லை.

அந்த மாணவனின் ஆசிரியை பயிற்சி முடிந்து போய் நோட்டில் எழுதினார்: ‘அப்பாவின் பின்னால் நானும் நடந்தேன். பதினொன்றோடு ஏன் நிறுத்தினார்? வரிசை எண்ணைப் பார்த்து, மூன்று இடத்தில் சரிசெய்.’ அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, அவன் சேர்த்திருந்த வரியைப் படித்துக் காட்டினார்: ‘பனிரெண்டாவது மரம் அக்கா பிறந்தபோது வைத்தது.’ எண்ணு மூன்று இடத்திலும் சரியாக இருந்ததாம். பன்னிரண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

‘சாஞ்சி’ பிழையா?

இரண்டாம் நாள் காலையில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள். கூடம் இரண்டாகப் பிரியும். பேச்சுத் தமிழ் எழுத்தில் வரவே கூடாது என்று ஒரு பக்கம், வந்தால் என்ன என்று மறுபக்கம். என் நிலை இது: ‘சாஞ்சி’ என்பது அந்தப் பிள்ளை வீட்டில் கற்ற முழுமையான தமிழ். பள்ளி அவனுக்கு இன்னொரு வடிவத்தையும் கொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது.

இதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. சார்ட்டை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ‘வீட்டில் சொல்வது’, ‘நோட்டில் எழுதுவது’ என்று தலைப்பிடுங்கள். சாஞ்சி – சாய்ந்து, காஞ்சி – காய்ந்து, மேஞ்சி – மேய்ந்து, பாஞ்சி – பாய்ந்து. நான்கு சொல் சேர்ந்ததும் பிள்ளைகளே விதியைச் சொல்லிவிடுவார்கள். யாராவது எழுந்து ‘கெஞ்சி’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கொண்டாடுங்கள். அது இரண்டு பக்கத்திலும் கெஞ்சிதான். விதியின் எல்லையைக் கண்டுபிடித்த பிள்ளை அதை மறக்காது. கட்டுரைக்குள் பாட்டி பேசினால் மேற்கோள் குறிக்குள் பாட்டியின் மொழியிலேயே பேசலாம் என்பதையும் ஆசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் பேசவிடுவதும் இதன் பகுதிதான். பக்கத்துப் பிள்ளையிடம் மூன்று நிமிடம் சொல்லிவிட்டு எழுதும் பிள்ளை, வெற்றுத்தாளைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை.

தலைப்பைக் கீழே இறக்குவது

‘நீர் மேலாண்மை’ என்று தலைப்புக் கொடுத்தால் வருவது உரைநூலின் நகல்தான். ஒரு நாள், ஓர் இடம், ஓர் ஆள் என்று அதை இறக்கக் கற்றுக்கொடுங்கள். நீடாமங்கலம் அருகே ‘மூணாறு தலைப்பு’ என்ற இடத்தில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால், தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று ஊரே பார்த்திருக்கும். ‘உங்கள் ஊர் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று யார் என்ன செய்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். மதகு, நுரை, தண்ணீருக்கு முன்னால் உருண்டுவரும் சருகு எல்லாம் நோட்டில் வரும். மேலாண்மை தானாக உள்ளே வந்துவிடும். ஆசிரியர்கள் தத்தம் ஊருக்கு ஏற்ப பத்துத் தலைப்புகளை இப்படி இறக்கி எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.

“தேர்வுக்கு இது உதவுமா, டீச்சர்?” என்று கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்ற வினாவுக்கு, கண்டதை எழுதிப் பழகிய பிள்ளை தடுமாறாது. குறிப்புகளைக் கொண்டு எழுதும் கட்டுரைக்கு முன்னுரையும் முடிவுரையும் உட்தலைப்பும் வேண்டும்தான். அவற்றைக் கடைசியில் எழுதச் சொல்லுங்கள். நடுவில் உள்ளதை எழுதி முடித்த பிள்ளைக்குத்தான் எதற்கு முன்னுரை எழுதுகிறோம் என்று தெரியும்.

நேரம் இல்லை என்பதும் உண்மையான குறை. 42 பிள்ளைகளின் நோட்டையும் ஒரே இரவில் சுமந்துபோக வேண்டாம். ஒரு நாளைக்கு எட்டு நோட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. ஆறு வேலை நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பயிற்சிக்குப் பிறகு

இரண்டு வாரத்துக்குள் வகுப்புக்குப் போங்கள். பார்வைப் படிவத்தைப் பையில் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைய தலைப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதுங்கள். ஒரு முறை பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை என் தாளை எட்டிப் பார்த்து, “நன்றாகத்தானே இருந்தது, ஏன் அடித்தீர்கள்?” என்று கேட்டாள். அந்த வரி யாருக்கும் பொருந்தும், என் அம்மாவுக்கு மட்டும் பொருந்தவில்லை என்றேன். பெரியவர்களும் அடித்து எழுதுவார்கள் என்பதே அவளுக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

குறுவள மையக் கூட்டம் கூடும்போதெல்லாம் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரே ஒரு நோட்டைக் கொண்டுவரட்டும்: முதல் நாள் கொண்டுவந்த அதே மூன்றாவது நோட்டு. ஜூலைப் பக்கத்தையும் ஜனவரிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஆண்டு முடிவில் அந்த இரண்டு பக்கங்களையும் அந்தப் பிள்ளையிடமே கொடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வையுங்கள். அடுத்த ஆண்டு புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு, அவர்கள் எழுதி முடித்ததும் அதைப் படித்துக் காட்டலாம்.