படத்தின் பின்னணி இசையைக் கோப்பாக வாங்க நினைப்பவர்களுக்கு

கோபிசெட்டிபாளையத்தில் நான் கேசட் கடை நடத்தியபோது இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். பாடல் கேட்பவர்கள் ஒரு வகை. நாயகி கடிதத்தைப் பிரிக்கும்போது வரும் புல்லாங்குழல் மட்டும் வேண்டும் என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாமவர்களைப் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் அனுப்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் பின்னணி இசை தனியாக விற்பனைக்கு வந்ததே அரிது. இன்று ஓரளவு வருகிறது. எந்த இணையக் கடையில் வாங்குவது என்று அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கடைகளை ஒப்பிடும் முன் ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள், அதன் இசை உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அதை ஒவ்வொரு கடையிலும் தேடி, உருப்படிகளின் பெயரையும் நேரத்தையும் படியுங்கள். ஒவ்வொன்றும் நான்கு ஐந்து நிமிடம் என்றால் அது பாடல் தொகுப்பு. ஒரு நிமிடம், இரண்டரை நிமிடம் என்று துண்டு துண்டாக இருந்தால் பெரும்பாலும் பின்னணி இசை. பிறகு கலைஞர் பெயரைப் பாருங்கள். இசையமைப்பாளர் பெயர் சிறிய எழுத்திலும் வேறொரு குழுவின் பெயர் பெரிதாகவும் இருந்தால், அது படத்தில் ஒலித்த பதிவாக இல்லாமல் வேறொருவர் மறுபடி வாசித்ததாக இருக்கலாம். மாதிரியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தமிழ்ப் படங்களுக்கு நான் முதலில் பார்ப்பது ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் ஸ்டோர். இந்தியாவில் 2012 டிசம்பரில் திறந்த கடை அது, விலையும் ரூபாயில் இருக்கும். எம்.பி.3 போலச் சுருக்கிய ஏ.ஏ.சி. வடிவில் 256 கிலோபிட் கோப்பு கிடைக்கும், நகலெடுக்க விடாத பூட்டு கிடையாது. மாதச் சந்தா கட்டும் ஆப்பிள் மியூசிக் வேறு, இது வேறு. சந்தா செயலிகளில் பதிவிறக்குவதை வாங்குவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணையாவிட்டால் இறக்கி வைத்ததும் ஒலிக்காது.

சிறு படங்கள், ஆவணப்படங்கள், தனி இசைக்கலைஞர்கள் என்றால் பேண்ட்கேம்ப். எனக்கு மிகவும் பிடித்த கடை இதுதான், காரணத்தையும் சொல்கிறேன். ஒருமுறை வாங்கினால் எம்.பி.3, ஒலி இழக்காமல் சுருக்கிய ஃபிளாக், சுருக்கவே சுருக்காத வேவ் என்று எந்த வடிவத்திலும், எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கோபியிலிருந்து ஈரோடு போகும் பஸ்ஸில் போடுவதற்குப் பென்டிரைவ் கேட்கும் ஓட்டுநர் தம்பிகளுக்கு இது பெரிய உதவி. வண்டியில் இருக்கும் பழைய பிளேயர்கள் பல ஃபிளாக்கைப் படிக்காது, எம்.பி.3-ஐப் படித்துவிடும். வீட்டுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என வைத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் விற்பனையில் கடை எடுத்துக்கொள்வது 15 சதவீதம், கட்டணச் செலவு போக மீதி இசைத்தவர் பக்கம் போகிறது. வாசித்த கைக்குக் காசு போக வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆனால் பெரிய தமிழ்ப் படங்களை அங்கே தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். யாரோ ஒருவர் ஏற்றி வைத்திருந்தால், அது உரிமையாளரின் பக்கம்தானா என்று பாருங்கள்.

கணினி விளையாட்டுகளின் இசை கேட்கிற பிள்ளைகளுக்கு, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடை போதும். 2020 ஜனவரி முதல் விளையாட்டை வாங்காமலே அதன் இசையை மட்டும் வாங்கலாம்.

வெளிநாட்டுக் கடைகளில் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதலில் அவர்கள் இந்தியாவுக்கு விற்கிறார்களா என்று பார்க்க வேண்டும், சில கடைகள் கடைசிப் படியில்தான் இல்லை என்று சொல்லும். டாலரில் கட்டினால் வங்கி பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வங்கிச் செயலியில் திறந்து, வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

தரம் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஐந்து நிமிட இசை 320 கிலோபிட் எம்.பி.3-யில் சுமார் 12 எம்.பி., சுருக்காத குறுந்தகட்டுத் தரத்தில் சுமார் 53 எம்.பி. ஃபிளாக் ஒலியை இழக்காமல் சுருக்குவதால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். விலை அதிகம் கொடுத்து ஃபிளாக் வாங்கினால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் எனும் அலைவரிசைப் படத்தைப் பாருங்கள், ஒலி எவ்வளவு உச்சம் வரை போகிறது என்று அது காட்டும். 16 கிலோஹெர்ட்ஸ் அருகில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றால், அது தரம் குறைந்த எம்.பி.3-யிலிருந்து மாற்றியதாக இருக்கக்கூடும். பழைய நாடாப் பதிவுகளில் உச்ச ஒலி இயல்பாகவே குறைவு. அது மெல்லத் தேய்ந்து போகும், வெட்டுப்படாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பழைய படங்களின் மேல் வீண் சந்தேகம் வராது.

வாங்கிய அன்றே கோப்பைக் கணினியிலும் தனி வன்தட்டிலும் சேமியுங்கள். ஃபிளிப்கார்ட்டின் ஃபிளைட் இசைக்கடை 2012-இல் தொடங்கி 2013-இலேயே மூடப்பட்டது. கூகுள் பிளே மியூசிக் 2020-இல் போனது. ரசீது மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள்.

பொது நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்புப் போடும் நண்பர்களுக்கு ஒன்று. இந்தக் கடைகளில் கொடுக்கும் விலை நீங்கள் சொந்தமாகக் கேட்பதற்குத்தான். பொது நிகழ்ச்சியில் ஒலிக்கவிடும் உரிமை அதில் சேராது. அதை உரிமையாளரிடமோ உரிமம் வழங்கும் அமைப்பிடமோ தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.