அரிசி ஆலையில் யாரை எந்த வேலைக்கு விடலாம்? கூகுள் ஷீட்டில் ஒரு தகுதிப் பதிவேடு

மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து நவீன அரிசி ஆலைகளை ஆபத்தான தொழிற்கூடங்கள் என்று வெளியார் நினைப்பதில்லை. ஆனால் புழுங்கல் அரிசிக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு உமி எரியும் பாய்லர் வேண்டும், நெல் ஊறிய நீர் சேரும் கழிவுநீர்த் தொட்டிக்குள் எப்போதாவது ஓர் ஆள் இறங்கும் நிலையும் வந்துவிடுகிறது.

நான் பதிவேடு பார்த்த ஓர் ஆலையில், சம்பா நெல் குவிந்து கிடந்த ஒரு தை மாத இரவில் பாய்லர் ஆப்பரேட்டர் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருந்தது. பாய்லர் முன்னால் நின்றவரோ உமி தள்ளும் தம்பி. கேஜ் கிளாஸில் (பாய்லருக்குள் இருக்கும் நீரின் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில்) நீர்மட்டம் அசையவே இல்லையே என்று கேட்டதற்கு, "தண்ணி நிறைய இருக்குண்ணே" என்றார். வடிகால் வால்வைத் திறந்து மூடியபோது, சட்டென்று ஏற வேண்டிய நீர் மெல்ல மெல்லத்தான் கண்ணாடிக்குள் திரும்பியது. பாய்லரிலிருந்து கண்ணாடிக்கு நீர் வரும் கீழ்வழி சேறு படிந்து பாதி அடைபட்டிருந்தது; கண்ணாடி காட்டிய மட்டத்தை நம்ப முடியாது. விபத்து நேரவில்லை. ஆனால் அந்த இரவு வேலைக்குத் தகுதியானவர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு எங்கள் கோப்பில் "ஆம்" என்றே பதில் இருந்தது. கீழே விளக்கும் முறை அதற்குப் பிறகு நான் அமைத்துக்கொண்டது; கூகுள் ஷீட்டும் ஒரு கைப்பேசியும் போதும்.

முதல் படி: வேலைகளின் பட்டியல்

பலரும் ஆட்களின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள், அது தவறு. "வேலைகள்" என்று ஒரு தாள் திறந்து, உயிருக்கு ஆபத்துள்ள பணிகளை மட்டும் எழுதுங்கள்: பாய்லர் இயக்குதல், தொட்டிக்குள் இறங்குதல், நெல்லை மேலேற்றும் எலிவேட்டரின் குழியைச் சுத்தம் செய்தல், மின்பழுது நீக்குதல், உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்னென்ன தகுதி வேண்டும் என்று குறியுங்கள். பாய்லர் இயக்குபவருக்கு அரசு வழங்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு, மின்வேலைக்கு வயர்மேன் சான்று உண்டு. தொட்டியில் இறங்குபவரிடம் பெரும்பாலும் அப்படி ஒரு காகிதமும் இருக்காது. எனவே பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, செய்துகாட்டல் ஆகிய மூன்றையும் தனித்தனித் தகுதிகளாகவே கொள்ளுங்கள்.

எந்தச் சட்டத்தின்கீழ் இது தேவை என்பதையும் இந்தத் தாளில் மட்டுமே எழுதுங்கள். 1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் புதிய சட்டம் வந்துவிட்டது. 2020-இல் இயற்றப்பட்ட தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆள்வாரியாக எழுதி வைத்திருந்தால் நூறு வரிகளைத் திருத்த வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: ஆட்களும் பதிவுகளும்

"ஆட்கள்" தாளில் பணியாளர் எண், சான்றிதழில் உள்ளபடியே பெயர், அவருக்குப் புரியும் மொழி ஆகியவை போதும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழில் பயிற்சி கொடுத்துக் கையெழுத்து வாங்குவது பயிற்சியாகாது. ஆதார் எண்ணை இங்கே எழுத வேண்டாம்.

"பதிவுகள்" தாள்தான் உயிர்நாடி. ஓர் ஆளுக்கு ஒரு தகுதி என்றால் ஒரு வரி. எண், தகுதி, பெற்ற நாள், காலாவதி நாள், நகலின் இணைப்பு, மூலச் சான்றிதழைப் பார்த்தவர் பெயர். புதுப்பிக்கும்போது பழைய வரியை அழிக்காமல் புதிய வரி சேருங்கள். தொடங்கும் முன் ஃபைல் மெனுவின் செட்டிங்ஸில் லொக்கேலை (எந்த நாட்டு முறையில் தேதி எழுதுவது என்ற அமைப்பை) இந்தியா என்று மாற்றிவிடுங்கள். அமெரிக்க அமைப்பில் 04/03/2026 ஏப்ரல் 3 ஆகிவிடும், 25/03/2026 தேதியாகவே ஏற்கப்படாது. நான் ஒரு மாதம் தடுமாறியது இதில்தான்.

செய்துகாட்டலை எப்படிப் பதிவது? பாய்லர்காரரிடம் கேள்வி கேட்காதீர்கள். கேஜ் கிளாஸைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். நீராவி வழியையும் நீர் வழியையும் தனித்தனியே திறந்து பார்த்து, வடிகாலை மூடியதும் நீர் உடனே ஏறுகிறதா என்று கவனிக்கிறாரா? தொட்டியில் இறங்குபவர் வாயு அளவியை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்கிறாரா, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் திரும்பிவிடுகிறாரா, வெளியே காவலுக்கு ஆள் நிற்காமல் இறங்க மறுக்கிறாரா? பார்த்தவர் கையோடு கைப்பேசியில் பதிய வேண்டும். இதற்குக் காலாவதி ஆறு மாதம் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் படி: ஷிப்ட் தாள்

ஆள் எண்ணையும் வேலையையும் இட்டால் பதில் வர வேண்டும். நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிகளை எண்ணித் தரும் கவுண்ட்இஃப்ஸ் (COUNTIFS) ஃபார்முலாவில் மூன்று நிபந்தனைகள் கொடுங்கள்: அந்த எண், அந்தத் தகுதி, காலாவதி நாள் இன்றைக்கோ அதற்குப் பின்னரோ. தேவையான தகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை. எதிலாவது சுழியம் வந்தால் "அனுமதி இல்லை" என்று சிவப்பில் காட்டச் சொல்லுங்கள். ஷிப்ட் மேற்பார்வையாளர் பெயர்களை மட்டும் இடலாம். "பதிவுகள்" தாளில் திருத்தும் உரிமை ஒருவருக்கே இருக்கட்டும். ஆலை உரிமையாளருக்கும் அந்த உரிமை வேண்டாம் என்பேன். அவசரத்தில் தேதியை மாற்றச் சொல்பவர் பெரும்பாலும் அவர்தான்.

நினைவூட்டலை எப்போது வைப்பது

காலாவதிக்கு முப்பது நாள் முன்னதாக என்ற பொதுக்கணக்கு டெல்டாவில் உதவாது. பாய்லருக்கான சான்றிதழ் (ஆப்பரேட்டருடையது அல்ல, பாய்லரையே பயன்படுத்த அனுமதிப்பது) அதிகபட்சம் 12 மாதத்துக்குத்தான். அதைப் புதுப்பிக்க நெருப்பை அணைத்து, ஆற வைத்து, ஆய்வுக்குத் திறந்து வைக்க வேண்டும். அந்த நாள் தை, மாசியில் வந்து விழுந்தால் நெல் மூட்டைகளைக் காட்டி ஒத்திப்போடும் பேச்சு தொடங்கும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ எங்கள் கணக்கின் தொடக்கமாகக் கொண்டு, குறுவை நெல் வருவதற்குள் பாய்லர் ஆய்வு, மருத்துவப் பரிசோதனை, வாயு அளவியின் அளவுத்திருத்தம் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறோம்.

மழைக்காலத்தில் இணையம் அறுந்துபோகும் என்பதால், தினமும் மாலை ஆறு மணிக்கு இரவு ஷிப்டுக்கான தாளை அச்செடுத்துப் பாய்லர் அறைக் கதவில் ஒட்டுகிறோம்.