வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் புதியவர்களுக்கு

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, பையைப் பிரிக்கும் முன் நாலு வார்த்தை கேளுங்கள்.

"அண்ணே, எப்ப கடலுக்குப் போறீக, அங்க எப்ப சாப்பிடுவீக?" இதுதான் முதல் கேள்வி. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் மீன்துறையிடம் டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. அட்டையிலோ "இரவு, சாப்பாட்டுக்கு முன்" என்று இருக்கும். கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, வலை இழுக்கும் அவசரத்தில் சோற்றைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். நடுக்கடலில் யார் பார்ப்பது? கடல் நாள் ஒரு பக்கம், கரை நாள் ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நேரத்தையோ அளவையோ மாற்றுவது அவர் வேலை, நாம் கை வைக்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட, நனையாத பொட்டலத்தில் மூணு ஸ்பூன் சீனி கட்டிக்கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். உழைப்பு குறைகிற அந்த 61 நாளில் சர்க்கரை ஏறப் பார்க்கும். திரும்பச் சோதித்து, பக்கத்தைப் புதிதாக எழுதுங்கள்.

கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாரிடம் வேறு மாதிரி கேட்க வேண்டும். பிரஷருக்கு நீர் போகவைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், கடலுக்கு இறங்கும் நாளில் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். ஒதுங்க இடம் ஏது? ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தால் வாயே திறக்க மாட்டார்கள், அடுப்படிக்குள் போய்க் கேளுங்கள். சர்க்கரையும் இருந்தால் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. பாறைக் கல் கிழித்தது மரத்துப்போன காலுக்குத் தெரியாது.

கருவாட்டை அடியோடு விடச் சொல்லாதீர்கள், அது நடக்காத காரியம். வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டுக் குறைக்கச் சொல்லுங்கள். ஆக்கும் நாளில் நன்றாக ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி அலசட்டும், குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம். கீழக்கரைப் பக்கம் என்றால் ரமலான் பிறக்கும் முன்பே டாக்டரைப் பார்க்கவைத்து, சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பாட்டுக்கு எது, நோன்பு திறந்தபின் எது என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத்துறை 2019-ல் இப்படி ஆளுக்கு ஏற்றபடி கவனிப்பதைத் தன் நீண்டகாலத் திட்டத்திலேயே சேர்த்து, 25 லட்சம் பேருக்கு ஆளறிந்த கவனிப்பு என்று இலக்கு வைத்தது. "என்ன செய்யுது?" என்பதோடு "உங்களுக்கு எது முக்கியம்?" என்றும் கேட்பது அவர்கள் முறை. இங்கே நம்மிடம் எத்தனை வீடு முடித்தாய் என்றுதான் கேட்கிறார்கள். ஒரு வீட்டில் கால் மணி நேரம் உட்கார்ந்ததையும் வேலையாக எண்ணினால்தான் இது நிலைக்கும். மாதக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அந்த வீட்டு மகன் மகள் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். முகாமுக்குப் புது டாக்டர் வந்தால் அவர்களே எடுத்துக் காட்டிக்கொள்வார்கள்.