ரோமானிய நாணயம் யார் யார் கையில் இருந்தது? தேடும் முறை

நாணயத்தோடு வந்த பழைய அட்டையையும் காகித உறையையும் தூக்கி எறியாதீர்கள். அதிலுள்ள கையெழுத்தே சில நேரம் பழைய உரிமையாளரைக் காட்டிவிடும். ஆர்ஐசி எண் (ரோமப் பேரரசு நாணய வகைகளைப் பட்டியலிடும் நூல்தொகுதியில் உள்ள எண்), 0.01 கிராம் வரை எடை, இருபக்க அச்சுகளின் திசை (ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்மைய விற்பனைகளுக்கு, நாணய ஏல முடிவுகளைத் தொகுக்கும் ஏசிசர்ச் (acsearch) இணையதளம். 1945 வரையிலான ஜெர்மன் ஏலப் பட்டியல்களுக்கு ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தின் மின்தொகுப்பு.

பழைய பட்டியல்களில் இருப்பது பெரும்பாலும் நாணயத்தின் சாந்து (பிளாஸ்டர்) வார்ப்பைப் பிடித்த படம். ஆகவே நிறம் உதவாது. விளிம்பின் வளைவு, வெடிப்பு, முத்துவட்டம் (ஓரத்தில் புள்ளிகளாக ஓடும் வட்டம்) எந்த இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஒரே அச்சில் அடித்த இரு நாணயங்களின் முகம் அப்படியே ஒத்திருக்கும், வில்லை (அச்சடிக்கப்பட்ட உலோகத் துண்டு) மட்டும் வேறுபடும். பலர் ஏமாறுவது இங்கேதான். எடை சற்றே குறைந்திருந்தால் சுத்தம் செய்தது காரணமாகலாம். பழைய படத்தில் இல்லாத விளிம்பு உங்கள் நாணயத்தில் இருந்தால், அது வேறு நாணயம்.