சோறு வேகும் நேரத்தில் செஜாரா

2014-ல் மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதியபோது எனக்குச் செஜாரா, அதாவது வரலாற்றுப் பாடம், மட்டும் போய்விட்டது. 2013-லிருந்து அந்தப் பாடத்தில் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. ஒன்பது வருடம் கழித்து, பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் சாலையோரம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்றுக்கொண்டே அதை எழுதித் தேறினேன். எப்படி முடிந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், மனத்தில் உள்ள ஆசையையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப்போடுங்கள். என் நோட்டில் ஏழு இருந்தன. செஜாரா, கார் லைசென்ஸ், பிளவுஸ் தையல், கேக் வியாபாரம், உடம்பு இளைக்க வேண்டும், இப்படி. எட்டிப் பார்த்த அம்மா, "ஒரே காலையில எத்தன நிரை வெட்டப்போற புள்ள?" என்றார். ரப்பர்த் தோட்டத்தில் நிரை நிரையாக நிற்கும் மரங்களில் 26 வருடம் பால் வெட்டியவர். எது முடிந்தால் மற்றதற்கு வழி பிறக்கும் என்று பாருங்கள். சான்றிதழ் இருந்தால் கிராணி (எழுத்தர்) வேலைக்கு மனுப் போடலாம், சம்பளம் வந்தால் லைசென்ஸ் எடுக்கலாம். மிச்ச ஆறையும் அடித்தேன். தையல் வகுப்புக்கு வரமாட்டேன் என்றதில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் தாங்கத்தான் வேண்டும்.

அடுத்தது நேரம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன்; மூன்றாவது வாரமே புத்தகத்தின் மேல் தூங்கிவிட்டேன். தனியாக நேரம் தேடாதீர்கள், தினமும் எப்படியும் செய்கிற ஒரு வேலையோடு படிப்பை ஒட்டவையுங்கள். நான் விடிகாலை நாலரைக்குத் தேங்காய்ப்பால் சோற்றை அடுப்பில் ஏற்றுவேன். அது வேகும்வரை முன்பெல்லாம் கைப்பேசிதான். பிறகு இரவே கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு, மறுநாள் படிக்க வேண்டிய பக்கத்தை விரித்து அரிசி டின் மேல் கவிழ்த்து வைத்தேன். அரிசி அள்ள வேண்டுமென்றால் புத்தகத்தைக் கையில் எடுத்தே ஆகவேண்டும். நான்காம் படிவப் புத்தகத்தில் பாதி இன்றும் மிளகாய்ச் சம்பல் கறை.

அளவு, இரண்டே பக்கம். ஆசைப்பட்டு ஐந்து பக்கம் போகாதீர்கள். கூடப் பால் வரட்டும் என்று கத்தியை ஆழமாக இறக்கினால் மரம் காயப்படும், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது என்பார் அம்மா. தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அதே மரத்தை வெட்டுவார்கள். நானும் அப்படியே: ஒருநாள் புதுப் பாடம், மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து நேற்றுப் படித்ததை அடுப்பிடம் ஒப்பிப்பது. எனக்கு மனத்தில் நின்றதெல்லாம் இந்த இரண்டாம் நாளில்தான்.

ஆண்டுக் கணக்கு மனத்தில் நிற்காதவர்கள் அதைத் தெரிந்த இடத்தோடு முடிச்சுப் போடுங்கள். 1948 ஜூன் 16-ல் தோட்டத் துரைமார் மூவர் சுடப்பட்டது எங்கள் ஊர்ப் பக்கம்தான். கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் அதிலிருந்து தொடங்கி 1960 ஜூலை 31-ல் முடிந்தது. தாத்தா வாயால் கேட்ட கதை, புத்தகமே தேவைப்படவில்லை.

நாள் தவறும். மகனுக்குக் காய்ச்சல் வந்து ஆறு நாள் போனது. பட்டை ஈரமாக இருந்தால் அம்மாவும் வெட்டப் போகமாட்டார். காய்ந்த அன்று வழக்கமான நிரைதான், இரட்டிப்பாக வெட்டுவதில்லை. ஏழாம் நாள் நானும் அதே இரண்டு பக்கத்தை எடுத்தேன்.

இப்போது அரிசி டின் மேல் லைசென்ஸ் தேர்வுப் புத்தகம் கவிழ்ந்திருக்கிறது. கேக் வியாபாரம் இன்னும் நோட்டிலேயேதான்.