ஊரில் வாகனம் ஓட்டப் போகிறீர்களா? வேகத் தண்டம், தரிப்பிடத் தண்டம் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

ஐரோப்பாவிலும் கனடாவிலும் வேகமாக ஓடினால் கமரா படம் பிடிக்கும், தண்டக் கடிதம் வீட்டுக்கு வரும். இலங்கையில் பெரும்பாலும் பொலிஸார் கையில் வேகமானியோடு வீதியோர மரநிழலில் நிற்பார்கள். மறித்துத் தண்டம் எழுதுவார்கள், சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேகத்துக்கான ஸ்தல தண்டம் 3,000 ரூபா. வெளிநாட்டிலிருந்து போகிறவருக்கு அது பெரிய காசில்லை. அந்த அட்டையை மீட்க அலையும் ஒரு முழு நாள்தான் பெரிய இழப்பு. புத்தளத்தில் பிடிபட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தவர், அட்டைக்காகத் திரும்பவும் புத்தளம் போக வேண்டி வரும்.

முதலில் அனுமதிப்பத்திரம். வெளிநாட்டு அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் ஓட்ட முடியாது. புறப்படும் முன் அங்கேயே சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, அதைக் கொழும்பு 3, சேர் மக்கான் மாக்கார் மாவத்தையில் உள்ள ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் காட்டி அங்கீகாரம் பெற வேண்டும். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேரஹெர அலுவலகத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கலாம். 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகளுக்கு இதற்கென ஒரு கருமபீடம் இருக்கிறது. வந்திறங்கிய கையோடு முடித்துவிடுவது நல்லது. யாழ்ப்பாணம் போன பிறகு இதற்காகக் கொழும்புக்கு வருவது வீண் அலைச்சல். உங்களிடம் பழைய இலங்கை அட்டை இருந்தால் அதன் காலாவதித் திகதியைப் பாருங்கள்.

பிள்ளைகள் அதிகம் மாட்டுவது மோட்டார் சைக்கிளில்தான். மச்சானின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். கார் ஓட்டும் அனுமதியில் மோட்டார் சைக்கிள் வகுப்பு இல்லையென்றால், அனுமதிப்பத்திரமே இல்லாமல் ஓட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நீதிமன்றத்தில் ஆகக் குறைந்தது 25,000 ரூபா. வாகனத்தைக் கொடுத்த உறவினருக்கும் வழக்கு வரலாம். விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

இனி வேகம். கார், வானுக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர். ஓட்டோவுக்கு 40. பலகையில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் பலகை சொல்வதுதான் கணக்கு. மழை நேரத்தில் அதிவேக நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைத்துப் பலகை போடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

பிழை நடப்பது 70 இலிருந்து 50 ஆகும் இடத்தில். ஏ9 வீதியில் வவுனியா தாண்டினால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என நேர்கோடாக, காப்பெற் போட்ட வீதி. 80, 90 இல் ஓடிக்கொண்டிருப்பது காலுக்கே தெரியாது. திடீரென்று நாலு கடை, ஒரு பாடசாலை, ஒரு சந்தி வரும். அங்கே 50. பலகை எப்போதும் கண்ணில் படும் என்று நம்ப வேண்டாம். கடைகளும் வீடுகளும் நெருங்கத் தொடங்கினாலே 50 என்று எடுத்துக்கொள்ளுங்கள். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். சராசரியாக 70 இல் போனால் இரண்டு மணித்தியாலம், 80 இல் போனால் ஒன்றே முக்கால். இந்தக் கால் மணித்தியாலத்துக்காகத்தான் அட்டையைப் பறிகொடுக்கிறார்கள்.

எதிரே வரும் வாகனம் லைட் அடித்துக் காட்டினால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று பொருள். ஆனால் அதை நம்பி ஓடாதீர்கள். எருமை மாட்டுக் கூட்டம் வீதியில் நின்றாலும் அப்படித்தான் அடிப்பார்கள். வளைவிலும் பாலத்திலும் தொடர் வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்தினாலும் தண்டம் எழுதுவார்கள். மெதுவாகப் போகும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பொறுமை கெடும்போதுதான் இது நடக்கும். கோடு விட்டுவிட்டு வரும் வரை காத்திருங்கள்.

மறித்தால் இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம் (வாகனத்துக்கு ஆண்டு வரி கட்டிய பத்திரம்) மூன்றையும் கேட்பார்கள். இரவல் வாகனமோ வாடகை வாகனமோ, கடைசி இரண்டின் திகதியையும் சாவியை வாங்கும்போதே பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், உரிமையாளர் மறந்திருந்தால் வீதியில் மாட்டுவது நீங்கள். எந்தக் குற்றத்துக்கு எழுதுகிறார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், வேகமானியில் உள்ள இலக்கத்தைக் காட்டச் சொல்லலாம். தண்டப்பத்திரத்தில் பெயர், வாகன இலக்கம், தொகை, பொலிஸ் நிலையம் நான்கும் சரியா என்று அங்கேயே பாருங்கள். எல்லையை வெகுவாக மீறியிருந்தால் ஸ்தல தண்டத்தோடு முடியாது, நீதிமன்றம் போக வேண்டும்.

கையில் காசு வைத்து விடயத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தண்டப்பத்திரம் 14 நாளுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லும். அதற்குள் தபாற்கந்தோரில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைத் தண்டம் எழுதிய பொலிஸ் நிலையத்தில் கொடுத்தால் அட்டை திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பு, 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். ஆகவே அடுத்து வரும் ஊரின் தபாற்கந்தோரிலேயே கட்டிவிட்டு உடனே திரும்பிப் போய் எடுங்கள். ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையும் தபாற்கந்தோர் பூட்டு. நீண்ட பயணத்தை அந்த நாட்களில் வைத்தால் இன்னும் கவனமாக ஓடுங்கள். 2025 இல் வந்த கவ்பே (GovPay) என்ற அரசாங்க இணையவழிக் கட்டண முறையில் கைபேசியிலேயே கட்டி, அந்த இடத்திலேயே அட்டையை வாங்கலாம். இலங்கையில் வங்கிக் கணக்கு உள்ள உறவினர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் வசதி. அந்த இடத்தில் கவ்பே வசதி உண்டா என்று எழுதத் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

தரிப்பிடத்தில் பலகையைப் பாருங்கள். நீல வட்டத்தில் ஒற்றைச் சிவப்புக் கோடு என்றால் தரித்து வைக்கக் கூடாது, ஆளை இறக்கி ஏற்றலாம். குறுக்குக் கோடு இரண்டு என்றால் நிற்கவே கூடாது. "நான் உள்ளேதானே இருந்தேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பாதசாரிக் கடவை, சந்தி, பஸ் தரிப்பிடம், பிறர் வீட்டுப் படலை, இவற்றின் முன்னால் பலகை இல்லாவிட்டாலும் வாகனத்தை விடாதீர்கள். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் விடுவதை மறந்துவிடுங்கள். போகும் கடைக்கோ மண்டபத்துக்கோ சொந்தத் தரிப்பிடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்டணத் தரிப்பிடத்தில் அச்சிட்ட பற்றுச்சீட்டு தந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

ஏ9 வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லாரும் நிறுத்துவார்கள். நீங்களும் நிறுத்துங்கள், ஆனால் நாலு சில்லும் தார் வீதியை விட்டு இறங்கியிருக்கட்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்குப் பூட்டு. தடை போட்ட இடத்துக்கு வெளியே உள்ள தரிப்பிடத்தில் சீட்டு எடுத்து விட்டுவிட்டு நடந்து போங்கள். தேர், தீர்த்தம் நாட்களில் விடிய முன்பே அவை நிறைந்துவிடும். அன்றைக்கு வாகனத்தை வீட்டில் விட்டுவிட்டு ஓட்டோவில் போவது வசதி.